நான் கூட்டி வைத்த சத்தம்

வாகனங்களுக்கு செட் பூட்டும் வேலை பார்க்கிறவர்களும், செட் பூட்டிய வேனில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வலது காது போய்விட்டது. அதை இப்போது நான் பெரிதாக எடுப்பதில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை என் மகள் தர்ஷினிக்கு இரண்டாம் தடவை காதுப் பரிசோதனை. அவளுக்குப் பத்து வயது. அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்து இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்குவதில்லை. சும்மா இருந்தால் கெட்டதையே நினைக்கிற ஆள் நான். அதனால்தான் என் மனைவி சாந்தி, பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றைக் கையில் தந்து, தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றாமல் எழுதித் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. வீடு கொட்டாஞ்சேனையில். அப்பா தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து கடைகளில் மூட்டை தூக்கியவர். நான் பதினாறு வயதில் இந்தக் கடையில் சேர்ந்தேன், இப்போது முப்பத்தெட்டு. முதலாளி ராசன் அண்ணை யாழ்ப்பாணத்தவர். கார், வேன், த்ரீவீல் எது வந்தாலும் செட் பூட்டுவோம். தலை போன்ற பாட்டுப் பெட்டி முன்னால், அதன் பலத்தைக் கூட்டுகிற அம்ப் சீட்டுக்குக் கீழே, அடி நெஞ்சை உதைக்கிற பேஸ் பெட்டி பின்னால், கூர்மையான சத்தத்துக்கு ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கர்கள் கண்ணாடி ஓரத்தில்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டி முடிந்ததும் பூட்டியவனும் வாகனத்துச் சொந்தக்காரரும் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே இருந்து, ஒரு பாட்டை முழுவதுமாக, போகக்கூடிய அளவுக்குச் சத்தம் வைத்துக் கேட்க வேண்டும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் நம் முகம் கலங்கித் தெரியும் அளவுக்கு அதிர வேண்டும். அந்த நேரம் பூட்டியவன் முகத்தைச் சுளிக்கக் கூடாது, காதில் கை வைக்கவே கூடாது. முதல் நாளிலேயே ராசன் அண்ணை எனக்குச் சொல்லித் தந்தது அதுதான். செய்தவனே முகத்தைச் சுளித்தால் வாங்குகிறவன் எப்படி நம்புவான்? இருபத்திரண்டு வருஷம் நான் முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வாகனம், சில நாள் நாலு.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஊர்ப்பயணம் போகிற பெரிய வேன் ஒன்றுக்கு வேலை நடந்தது. பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஒரு வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேன்காரரிடம் சாவியைத் திருகச் சொன்னேன். அதற்கு முன் சோதித்துப் பார்த்தபோது சத்தத்தை உச்சத்தில் விட்டுவிட்டு வந்தது நான்தான். அவர் மீது ஒரு பிழையும் இல்லை. வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி இருந்த ஸ்பீக்கர் ஒரேயடியாக வெடித்ததுபோல் கத்தியது. ஊசியால் குத்திய மாதிரி ஒரு வலி. அதற்குப் பிறகு வலி இல்லை. பஞ்சை வைத்து அடைத்த மாதிரி, உள்ளே "ஙீ" என்று ஒரு ஒலி மட்டும்.

ராசன் அண்ணை என் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஒண்டும் இல்லையடாப்பா செல்வம், அடைச்சிருக்கு. எனக்கும் இப்பிடி எத்தனை தரம் வந்தது. நாளைக்கு விட்டிடும்" என்றார்.

எங்கள் எல்லாருக்கும் வந்ததுதான். வேலை முடிந்து போகும்போது காது அடைத்திருக்கும், காலையில் திறந்துவிடும். அதைக் களைப்பு என்றுதான் சொல்வோம். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நாலு நாள் திறக்கும் திறக்கும் என்று பார்த்திருந்தேன். நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். புதன்கிழமை பஸ்ஸில் வரும்போது வலது பக்கம் இருந்தவர் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார், நான் திரும்பவே இல்லை. அவர் என் தோளைத் தட்டியபோதுதான் எனக்குப் பயம் வந்தது. நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நாலு நாள் ஏன் பார்த்திருந்தாய் என்று டொக்டர் அம்மா கேட்டார். சிங்களத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். காது திடீரென்று போனால் அது நெஞ்சு வலி மாதிரி, அன்றைக்கே வரவேண்டிய விஷயம், ஒவ்வொரு நாள் பிந்தும்போதும் திரும்பி வருகிற வாய்ப்புக் குறையும் என்றார். இதை வாசிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

கவட்டை போன்ற ஓர் இரும்பைத் தட்டி என் நெற்றியில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் எழுதுகிற வேகம் கூடியது. வெறும் அடைப்பு என்றால் அடைத்த வலது பக்கம்தான் கேட்டிருக்குமாம், பிறகுதான் சொன்னார். அன்றைக்கே வார்டில் படுக்கச் சொன்னார்கள்.

படுப்பதற்கு முன் ஒரு பரிசோதனை. தடித்த கதவு உள்ள சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. நான் வாகனக் கதவுகளுக்குள் ஒட்டுகிற அதே சாமான். ஒரு பெண் எனக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய கை அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கை அசைந்ததைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் கொப்பியைப் பார்த்து எழுதிப் பிடிபட்ட மாதிரி, அவர் எழுந்து வந்து என் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் வரிசையாக நிற்குமாம். சத்தம் வந்தால் அவை சாய்ந்து நிமிரும், அப்படித்தான் மூளைக்குச் செய்தி போகும். பெரிய சத்தம் வந்தால் படுத்துவிடும், ஓய்வு கிடைத்தால் எழும்பும். ரெயில் பாதைக்குக் குறுக்கே சனம் நடந்து நடந்து புல் அழிந்து தடம் விழுகிறது இல்லையா, அதுபோலத் திரும்பத் திரும்பப் படுத்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும், பிறகு முளைக்காது என்றார் டொக்டர் அம்மா. காலையில் காது திறக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோமே, அது மிச்சம் இருந்த மயிர்கள் எழும்பியது. எழும்பாதவற்றை யாரும் எண்ணவில்லை.

வார்டில் ஏழு நாள். ஸ்டீரொயிட் என்கிற மருந்து, வீக்கத்தைக் குறைத்து மயிர்களைக் காப்பாற்றப் பார்க்கிற மருந்து. அதனால் சீனி ஏறும் என்று காலையும் மாலையும் விரலில் குத்திப் பார்த்தார்கள். ஒருநாள் தலை ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மெஷின் சத்தம் போடும் என்று என் இரண்டு காதிலும் மஞ்சள் நிற அடைப்பான் வைத்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் காதுக்கு அடைப்பான் வைத்தது அதுதான் முதல் தடவை. குழாய்க்குள் படுத்துக்கொண்டு அதை நினைத்துச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் காலி வீதி பஸ் கொண்டக்டர் ஒருவர். கத்திக் கத்தித் தொண்டையில் கட்டி வந்து வெட்டியிருந்தார்கள். ஒரு கிழமை வாய் திறக்கக் கூடாது. கூட்டித் துடைக்கிற அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, இந்த மூலையில் மட்டும் சண்டையே வராது, ஒருவருக்குப் பேச முடியாது, மற்றவருக்குக் கேட்காது என்று சொல்லி வார்டையே சிரிக்க வைத்தார். கொண்டக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் சிங்களத்தில் எழுதி எனக்கு நீட்டினார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'உங்கட ஆட்கள் பஸ்ஸில செட் பூட்டாம இருந்தா நான் இப்படிக் கத்தியிருக்க மாட்டேன்.' நானும் சிரித்தேன். அவர் பகிடிக்குத்தான் எழுதினார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்தான் என் உலகம் உடைந்தது. டொக்டர் அம்மா பரிசோதனைப் படத்தைக் காட்டி விளக்கினார். மேலே வரிசையாக எண்கள். 250, 500, 1000, 2000, 4000, 8000. நான் படிக்காதவன்தான், ஆனால் இந்த எண்களை எனக்குத் தெரியும். ஈக்வலைசரில் இதே எண்கள்தான் இருக்கும். அடிச்சத்தம் இடது பக்கம், கூர்ச்சத்தம் வலது பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தள்ளுப் பொத்தான். வாகனத்துக்கு வாகனம் அதைத் தள்ளித் தள்ளிச் சத்தத்தைச் சரிசெய்வதுதான் என் கைவேலை. ராசன் அண்ணை அதை என்னைத் தவிர யாரிடமும் கொடுக்க மாட்டார்.

வலது காதின் கோடு முழுவதும் கீழே கிடந்தது. அது தெரிந்ததுதான். நான் பார்த்தது இடது காதை. ஒன்றும் ஆகாத நல்ல காது என்று நான் நினைத்த காது. கோடு ஆயிரம் வரைக்கும் நேராக வந்து, நாலாயிரத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்திருந்தது.

"இது வெள்ளிக்கிழமை வந்ததில்லை. இது பல வருஷமாக வந்தது" என்றார் டொக்டர் அம்மா.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு வருஷமாக எந்த வாகனத்தைச் செய்தாலும் பாட்டில் குரல் தெளிவில்லை, மங்கலாக இருக்கிறது என்று நான் நாலாயிரத்துப் பொத்தானை மேலே தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போதெல்லாம் ஸ்பீக்கர்கள் தரம் கெட்டு வருகின்றன என்று ராசன் அண்ணையிடம் சண்டை கூடப் பிடித்திருக்கிறேன். ஸ்பீக்கர்களில் பழுதில்லை. எனக்குக் கேட்காத சத்தத்தை, எனக்குக் கேட்கும் வரைக்கும், மற்றவர்களின் காதுக்குக் கூட்டி வைத்திருக்கிறேன். அந்தப் படத்தில் எவ்வளவு ஆழம் கீழே இருந்ததோ, அவ்வளவு உயரம் நான் மேலே தள்ளியிருக்கிறேன்.

அப்போது எனக்கு நிமால் அய்யாவின் வேன் ஞாபகம் வந்தது.

நிமால் அய்யா எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட வேன்காரர். கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் விடுவார். நெரிசலில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தர்ஷினியும் அதில்தான் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வேனுக்கு நான்தான் செட் பூட்டினேன். மகள் போகிற வேன் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். கடைசி வரிசையில் ஜன்னலோரம் அவளுக்குப் பிடித்த இடம். அவளுக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று அந்த ஜன்னல் தூணில், அவள் இடது காதுக்குப் பக்கத்தில், தனியாக ஒரு ட்வீட்டர் வைத்தேன். வேறு எந்த வேனுக்கும் நான் பின்னால் ட்வீட்டர் வைத்ததில்லை.

பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள் மல்லி என்று நிமால் அய்யா ஒருநாள் சொன்னார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. பழக்கமில்லை, பழகினால் சரி என்றேன். வந்து கேட்டுப் பார்த்தேன். குரல் மங்கலாகத் தெரிந்தது. நாலாயிரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் சாந்தி வார்டுக்கு வந்தபோது, பிள்ளையை நாளையிலிருந்து வேனில் அனுப்பாதே என்றேன். காரணம் சொன்னதும் அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கொண்டக்டர் எழுந்து வெளியே போனார்.

சாந்தி கொண்டுவந்த சோற்றுப் பார்சலைக் கட்டிலில் வைத்தாள். பிறகு, "டிக்டேஷன்ல சொல்லை ரெண்டு தரம் கேக்குறா, கவனமில்லன்னு டீச்சர் எழுதி அனுப்பினாங்களே, ஞாபகமிருக்கா?" என்றாள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. புலமைப்பரிசில் பரீட்சை வருஷம். கூப்பிட்டால் ஒரு தடவையில் திரும்புவதில்லை, டீவி சத்தத்தைக் கூட்டுகிறாள், எதைச் சொன்னாலும் "ஆ?" என்கிறாள். நான் செய்வதைப் பார்த்து அவளும் செய்கிறாள் என்று சாந்தி எங்கள் இருவரையும் சேர்த்து ஏசினாள். டீச்சர் எழுதி அனுப்பிய அன்றைக்கு, சொல்வது காதில் விழுவதில்லையா என்று கேட்டுக்கொண்டே நான் பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகினேன். இடது காதை. அவள் அழவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, வீட்டில் என்னென்ன சத்தம் எனக்குக் கேட்காமல் போனது என்று டொக்டர் அம்மா எழுதித் தரச் சொன்னதைச் சாந்தியிடம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மழைத்தூறல், ஃபோனில் வருகிற மெசேஜ் சத்தம், பல்லி.

"நம்ம வீட்டுல ஏது பல்லி? கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகு பல்லியே இல்லையே" என்றேன்.

சாந்தி என் முகத்தைப் பார்த்தாள். "மூணு இருக்கு. டெய்லி சொல்லுது. நான் தட்டுறப்ப நீங்களுந்தானே தட்டுறீங்க?"

பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சொன்னால், பேசிய பேச்சு பலிக்கும் என்று விரலால் தரையிலோ மேசையிலோ மூன்று தரம் தட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். சாந்தியின் விரல் தட்டுவதைப் பார்த்து என் விரலும் தட்டும். பல வருஷமாகத் தட்டியிருக்கிறேன். கேட்டுத் தட்டவில்லை என்பது எனக்கே தெரியாது. நான் பொய் சொல்லவில்லை. மனிதன் தன் காதை எப்படி ஏமாற்றுகிறான் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வார்டில் எல்லாரும் தூங்கிய பிறகு காதுக்குள் அந்த "ஙீ" மட்டும் பெரிதாகும். வெளியே சத்தம் இல்லாதபோது மூளை தானாகவே உண்டாக்குகிற சத்தமாம் அது. நான் அதை நாலாயிரம் என்று அடையாளம் கண்டேன். எங்கே போனாலும் இனி அது என்னோடு வரும்.

ஏழாம் நாள் மறுபடியும் பரிசோதித்தார்கள். அடிச்சத்தம் கொஞ்சம் திரும்பியிருந்தது. பிறகு செவிப்பறையைத் துளைத்து உள்ளே மருந்து விடுகிற ஊசி மூன்று, கிழமைக்கு ஒன்று. தலை சுற்றி வாந்தி வந்தது. அதிலும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. இதற்கு மேல் வராது என்று டொக்டர் அம்மா சொன்னபோது நான் தலையாட்டினேன். என் மனம் அங்கே இல்லை. வெளியே வாங்குப் பலகையில் சாந்தியும் தர்ஷினியும் இருந்தார்கள். அன்றைக்குத்தான் பிள்ளைக்கு முதல் பரிசோதனை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அவளை ஆரம்பத்திலேயே சுவரைப் பார்க்க உட்கார வைத்தார்கள். இரட்டைப் பின்னலும் பெரிய ஹெட்போனும் மட்டும் தெரிந்தன. பரிசோதிக்கிற பெண்ணின் கை அசையும், நான் மகளின் கட்டைவிரலைப் பார்ப்பேன். கை, விரல். கை, விரல். கை. விரல் அசையவில்லை. மறுபடியும் கை. சத்தத்தைக் கூட்டினார். கை. அப்போதுதான் விரல் அசைந்தது. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

படம் வந்தது. இரண்டு காதிலும் நாலாயிரத்தில் ஒரு பள்ளம். வலதில் சிறிது, இடதில் அதைவிடப் பெரிது. என்னுடையதுபோல் கிணறு இல்லை, ஆனால் அதே இடம். இப்போதே ஒன்றும் முடிவாகச் சொல்ல முடியாது, சின்னப் பிள்ளை, இது களைத்துப் போன காதாக இருக்கலாம், மூன்று மாதம் பெரிய சத்தம் எதுவும் படாமல் வைத்திருந்து மறுபடி பார்ப்போம் என்றார் டொக்டர் அம்மா. அப்போதும் பள்ளம் இருந்தால் அது இருக்கப்போகிற பள்ளம்.

"எனக்கு நல்லாக் கேக்குதுப்பா" என்றாள் தர்ஷினி, பஸ்ஸில் வரும்போது. நான் அழுவேன் என்று பயந்திருப்பாள்.

ராசன் அண்ணை தோடம்பழமும் பால்மாவும் கொண்டு வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். தனக்கும் இப்போது சரியாகக் கேட்பதில்லை, வயது போனதால் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்ததாகத் தன் காதைத் தொட்டுச் சொன்னார். நல்ல மனிதர். போகும்போது வாசலில் நின்று, "வேன் விசயத்தை ஊரெல்லாம் கதைச்சுக்கொண்டு திரியாதை செல்வம். கடைக்கு ஆர் வருவினம்?" என்றார். நான் பால்மாவை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். எந்தப் பக்கம் நின்று கேட்டார் என்பதை வைத்து, எனக்குக் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளலாம். வலது பக்கம்தான் நின்றார்.

அடுத்த நாள் நிமால் அய்யாவிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். அவர் வெற்றிலையை வாயில் போட்டு மென்றுகொண்டு கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நான் சொன்னது தானே மல்லி, புள்ளைங்க காது பொத்துது எண்டு" என்றார். பிறகு, "உங்க மகள் மட்டும் பொத்த இல்ல. மத்தப் புள்ளைங்க பொத்தினா ஏசுறது. எங்க அப்பா போட்ட செட், காது பொத்த வேணாம் எண்டு சொல்லுறது" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் நான் முகத்தைச் சுளிக்காமல் இருந்ததற்குச் சம்பளம் வாங்கினேன். அவள் எனக்காகச் சும்மா இருந்தாள்.

செட்டை நானே கழற்றினேன். அந்த ஜன்னல் தூணில் இரண்டு திருகாணி ஓட்டை மிஞ்சியது, அதில் நிமால் அய்யா ஒரு முருகன் படம் ஒட்டினார். அவர் புத்த சமயம், ஆனால் பிள்ளைகள் எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள் என்பதால். பிறகு அந்த வேனில் போகிற பதினொரு பிள்ளைகளின் வீட்டுக்கும் இருவருமாகப் போனோம். காதுப் பரிசோதனை செய்யச் சொன்னேன். சிலர் தேநீர் தந்தார்கள். ஒரு தாய் கதவிலேயே நின்று, உங்கட பிள்ளைக்கு வந்தபடியால்தான் எங்கட பிள்ளைகளின் ஞாபகம் வந்ததோ என்று கேட்டார். உண்மை அதுதான். நாலு பிள்ளைகளுக்குப் பார்த்தார்கள், நல்லபடியாக இருந்ததாம். மற்றவர்கள் இன்னும் பார்க்கவில்லை.

நான் செய்த மற்ற வாகனங்களை எங்கே போய்த் தேடுவேன்? காலி வீதியில் நிற்கும்போது கதவு அதிர ஒரு வேன் போகும். உள்ளே பிள்ளைகள் இருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். கடைக்கு இப்போதும் போகிறேன். வயர் வேலை மட்டும். வாசலில் ஒரு பெட்டி நிறைய மஞ்சள் அடைப்பான் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் அது இனிப்பு என்று நினைத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறார்கள்.

மூன்று மாதம் எங்கள் வீட்டில் டீவி மெதுவாகத்தான். கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை. சாந்தி பாத்திரத்தைக் கூட மெதுவாக வைக்கிறாள். பிள்ளை இப்போது பஸ்ஸில் சாந்தியோடு போகிறாள். டீச்சரிடம் சொல்லி முன் வாங்குக்கு மாற்றினோம். அவளுக்குச் சொல்வதெழுதுதலில் மார்க்ஸ் கூடியிருக்கிறது. காது சரியாகிவிட்டதா, முன் வாங்கில் இருப்பதனாலா, டீச்சரின் வாயைப் பார்த்து எழுதுகிறாளா என்று என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன்.

போன கிழமை ஒன்று கவனித்தேன். சாந்தி தட்டியபோது தர்ஷினியும் மேசையில் தட்டினாள். பல்லி சொல்லியிருக்கிறது. ஆனால் சாந்தியின் விரலுக்குப் பிறகுதான் அவள் விரல் அசைந்தது. கேட்டுத் தட்டினாளா, பார்த்துத் தட்டினாளா?

சாந்தியிடம் ஒன்று கேட்டேன். அடுத்த தடவை பல்லி சொல்லும்போது நீ தட்டாமல் இரு, பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்ப்போம். பெற்ற பிள்ளையை ஒளித்திருந்து சோதிப்பதா என்று சாந்தி கோபப்பட்டாள். செவ்வாய்க்கிழமை தெரியத்தானே போகிறது என்றாள். என்னால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் முடியாது என்றேன்.

நேற்று விளக்கு வைத்த நேரம். மின்விசிறியை நிற்பாட்டி வைத்திருந்தேன். தர்ஷினி மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள், அவளுக்கு எதிரில் சாந்தி போஞ்சிக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன். சாந்தி தன் பாட்டில் பேசிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் டொக்டர் அம்மா சொல்வார், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றாள்.

அப்படியே அவள் கை நின்றது. போஞ்சிக்காய் விரலில் தொங்கியது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பல்லி சொல்லிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

நான் மகளைப் பார்த்தேன். பென்சில் போய்க்கொண்டிருந்தது. ஏழும் எட்டும் கூட்டி, கீழே எழுதி, மேலே ஒன்றைப் போட்டாள். இடது கை கொப்பியின் மேல் அசையாமல் இருந்தது.

சாந்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். சொன்னது நல்ல வார்த்தை, பல்லியும் சொல்லியிருக்கிறது, தட்டாமல் விட்டால் அது கை நழுவிப் போய்விடும் என்று அவளுக்குத் தாங்கவில்லை. கடைசியில் விரலை மடக்கி மேசையில் மூன்று தரம் தட்டினாள்.

தர்ஷினி நிமிர்ந்தாள். அம்மாவின் விரலைப் பார்த்தாள். பென்சிலை வைத்துவிட்டு அவளும் தட்டினாள், ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கதவோரம் நின்ற என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் வாயே திறக்கவில்லை.

"கேட்டுச்சுப்பா" என்றாள்.